கண்டெய்னருக்குள் ஜூபிட்டர் நோட்புக்: பக்கம் திறக்காததும் கோப்பு காணாமல் போவதும் ஏன்?

கேள்வியின் சுருக்கம் இது. ஆராய்ச்சி மாணவர் ஒருவர், பைத்தானின் சிறிய அடிப்படை இமேஜின் மேல் உலாவியிலேயே நிரல் எழுதி ஓட்ட உதவும் ஜூபிட்டர் லேபை நிறுவித் தாமே ஒரு டாக்கர் இமேஜ் (நிரலும் அதற்கு வேண்டியவையும் அடங்கிய அச்சு; அதிலிருந்து ஓடுவதே கண்டெய்னர்) கட்டியிருக்கிறார். சர்வர் ஓடுவதாக லாக் சொல்கிறது. உலாவியிலோ பக்கம் திறக்கவில்லை. பிறகு ஜூபிட்டர் திட்டத்தாரே தரும் ஆயத்த இமேஜுக்கு மாறியதும் பக்கம் திறந்தது. ஆனால் மறுநாள் பார்த்தால் எழுதிய நோட்புக்குகளையும் காணோம், பிப் மூலம் நிறுவிய நிரலகங்களையும் காணோம். அதே கட்டளையைத் துறையின் பொதுச் சர்வரில் ஓட்டினால் ‘பெர்மிஷன் டினைடு’ என்கிறது. இடையிடையே கர்னல் (நோட்புக்கின் வரிகளை ஓட்டும் பைத்தான் புரோசெஸ்) செத்துவிட்டதாகவும் செய்தி வருகிறது. இவையெல்லாம் தனித்தனிப் பிழைகளா, பேசாமல் டாக்கரை விட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

விட வேண்டியதில்லை. இத்தனைக்கும் வேர் ஒன்றுதான். கண்டெய்னர் என்பது உங்கள் கணினியில் ஓடும் சாதாரணப் புரோசெஸ்தான். ஆனால் அதற்குத் தனி நெட்வொர்க், தனிக் கோப்பு அமைப்பு, ஒன்றிலிருந்து தொடங்கும் தனிப் புரோசெஸ் எண்கள் ஆகியவற்றை லினக்ஸ் காட்டுகிறது. நினைவகமும் பிராசசர் கோர்களும் பயனர் எண்களும் மட்டும் வெளியே உள்ளவையேதான். எது சுவருக்கு அந்தப் பக்கம், எது இரு பக்கத்துக்கும் பொது என்று தெரியாமல் கட்டளை எழுதும்போதுதான் இந்தத் தொல்லைகள் வருகின்றன. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தருகிறேன். டெர்மினலில் அவற்றின் வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் பக்கம் திறக்காத கதை. ஜூபிட்டர் சர்வர் இயல்பாக 127.0.0.1 என்ற முகவரியில் மட்டுமே காத்திருக்கும். உங்கள் மடிக்கணினியில் நேரடியாக நிறுவினால் இது நல்ல பழக்கம், ஏனெனில் பக்கத்து மேசைக்காரர் உங்கள் நோட்புக்கைத் திறக்க முடியாது. கண்டெய்னருக்குள்ளோ 127.0.0.1 என்பது அந்தக் கண்டெய்னரையே குறிக்கும். டாக்கர் ரன் கட்டளையில் நீங்கள் தரும் மைனஸ் பி 8888:8888 என்ற வரி, வெளியிலிருந்து வரும் இணைப்பைக் கண்டெய்னரின் ஈதர்நெட் முகத்தில் (நெட்வொர்க் இடைமுகத்தில்) கொண்டுவந்து விடுகிறது. ஜூபிட்டர் அந்த முகத்தைப் பார்த்து உட்காரவில்லை. ஆகவே இணைப்பு ஏற்கப்பட்டதுபோல் தோன்றி உடனே அறுந்துவிடும். சர்வரைத் தொடங்கும் வரியில் ஐபி என்ற விருப்பத்துக்கு 0.0.0.0 என்ற மதிப்பைக் கொடுத்தால் எல்லா முகங்களிலும் காத்திருக்கும், பக்கம் திறந்துவிடும். ஆயத்த இமேஜ் உங்களுக்கு உடனே திறந்ததற்கும் காரணம் வேறல்ல. அதன் அமைவுக் கோப்பில் இது முன்பே எழுதப்பட்டிருக்கிறது.

இதிலேயே இன்னொரு சிறு குழி உண்டு. லாகில் ஜூபிட்டர் ஒரு முகவரியை அச்சிடும். அதில் 8888 என்ற போர்ட்டும் அதன் பின்னால் கடவுச்சொல் போன்ற நீண்ட டோக்கனும் இருக்கும். உங்கள் கணினியில் 8888 ஏற்கெனவே வேறொரு நோட்புக்கிடம் இருப்பதால் 8889:8888 என்று கொடுத்திருந்தால், லாகில் வரும் முகவரியை அப்படியே நகலெடுத்து ஒட்டும்போது அது பழைய நோட்புக்குக்குப் போய்ச் சேரும். அந்தச் சர்வர் உங்கள் டோக்கனை ஏற்காது. தான் வெளியே எந்தப் போர்ட்டில் தெரிகிறோம் என்பது உள்ளே இருக்கும் ஜூபிட்டருக்குத் தெரியாது. இடப்பக்க எண் வெளியே, வலப்பக்க எண் உள்ளே என்று நினைவில் வைத்து, முகவரியில் எண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும்.

டோக்கன் தொல்லையாக இருக்கிறதென்று அதை வெறுமையாக்கச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் நிறைய உள்ளன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2016 இறுதியில் வந்த 4.3 பதிப்பிலிருந்து நோட்புக் சர்வர் தானாகவே டோக்கன் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது: நோட்புக்கைத் திறக்க முடிந்தவரால் அந்த இயந்திரத்தில் எந்தக் கட்டளையையும் ஓட்ட முடியும். திறந்து கிடக்கும் 8888 போர்ட்டுகளைத் தேடிப் பிடித்துக் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல்களை ஏற்றும் தானியங்கிகள் எந்நேரமும் இணையத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொரு முறையும் புது டோக்கன் வருவதுதான் சிக்கல் என்றால், ஜூபிட்டர் டோக்கன் என்ற சூழல் மாறியில் நீங்களே நீளமான ஒன்றைக் கொடுத்துவிடலாம்.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. மைனஸ் பி 8888:8888 என்று மட்டும் எழுதினால் டாக்கர் அந்தப் போர்ட்டை உங்கள் கணினியின் எல்லா முகவரிகளிலும் திறந்துவிடும். சர்வரில் யூஎஃப்டபிள்யூ என்ற தீச்சுவர் போட்டு 8888ஐ மூடியிருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டாக்கர் தன் விதிகளை நேராக லினக்ஸின் அடிப்படைத் தீச்சுவர் விதிப்பட்டியலான ஐபிடேபிள்ஸில் எழுதுவதால், இணைப்பு யூஎஃப்டபிள்யூவின் விதிகளைத் தொடாமலே கண்டெய்னருக்குப் போய்விடும். மூடியதாக நீங்கள் நினைக்கும் கதவு திறந்தே இருக்கும். இதற்கு மருந்து எளிது: 127.0.0.1:8888:8888 என்று மூன்று பகுதியாக எழுதுங்கள். அப்போது போர்ட் அந்தச் சர்வரின் உள்ளுக்கு மட்டுமே திறக்கும். உங்கள் மடிக்கணினியிலிருந்து அதை அடைய எஸ்எஸ்எச் கட்டளையில் மைனஸ் பெரிய எல் விருப்பத்தால் ஒரு சுரங்கம் போட்டுக்கொள்ளலாம். உள்ளே ஜூபிட்டருக்கு 0.0.0.0, வெளியே டாக்கருக்கு 127.0.0.1. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுக் குழம்புகிறவர்கள்தான் அதிகம்.

இதே சுவர் எதிர்த் திசையிலும் வேலை செய்கிறது. உங்கள் கணினியில் ஓடும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை நோட்புக்கிலிருந்து லோக்கல்ஹோஸ்ட் என்று அழைத்தால் கிடைக்காது. நோட்புக்கின் லோக்கல்ஹோஸ்ட் கண்டெய்னர்தான். மேக், விண்டோஸ் கணினிகளில் ஹோஸ்ட் டாட் டாக்கர் டாட் இன்டர்னல் என்ற பெயர் தயாராகவே கிடைக்கும். லினக்ஸில் ஆட் ஹோஸ்ட் விருப்பத்தில் அந்தப் பெயரை ஹோஸ்ட் கேட்வே என்பதோடு இணைத்துக் கொடுக்க வேண்டும். தரவுத்தளமும் 127.0.0.1இல் மட்டும் காத்திராமல் கண்டெய்னர்களை வெளியோடு இணைக்கும் டாக்கரின் பிரிட்ஜ் முகவரியிலும் காத்திருந்தால்தான் இணைப்பு கிடைக்கும்.

இனி காணாமல் போன நோட்புக்குகள். நீங்கள் மைனஸ் வி கொடுத்து உங்கள் கோப்புறையை உள்ளே இருக்கும் ‘ஒர்க்’ கோப்புறையோடு சரியாகவே இணைத்திருக்கிறீர்கள்; கட்டளையில் பிழை இல்லை. ஆயத்த இமேஜில் பயனரின் பெயர் ஜோவியன். வியாழன் கோளில் வசிப்பவர் என்று பொருள்படும் வேடிக்கைப் பெயர். ஜூபிட்டர் லேப் திறக்கும்போது இடப்பக்கப் பட்டியலில் நிற்பது ஜோவியனின் வீட்டுக் கோப்புறையில். அதற்குள் ஓர் உருப்படியாகத்தான் ஒர்க் தெரியும். ஒர்க்கின்மேல் இருமுறை சொடுக்கி உள்ளே போகாமல், கண்ணெதிரே இருக்கும் பைத்தான் பொத்தானை அழுத்தினால் புது நோட்புக் வீட்டுக் கோப்புறையில் உருவாகும். அது கண்டெய்னரின் சொந்த வட்டு அடுக்கு. உங்கள் கணினியின் கோப்புறை அல்ல. சேமித்ததாகத் திரை சொல்லும், அது பொய்யும் அல்ல. ஆனால் கண்டெய்னர் நீங்கும்போது அதுவும் நீங்கும். நான் ஒரு முழு நாள் எழுதிய நோட்புக்கை இப்படித்தான் இழந்தேன். கட்டளையில், நின்றதும் கண்டெய்னரை நீக்கிவிடும் மைனஸ் மைனஸ் ஆர்எம் இருந்தது. நிறுத்திய நொடியில் எல்லாம் போய்விட்டது. குற்றம் சொல்ல ஆளும் இல்லை.

நீங்கள் ஆர்எம் கொடுக்காதிருந்தால் நல்ல செய்தி உண்டு. டாக்கர் பிஎஸ் மைனஸ் ஏ என்று தட்டுங்கள். நேற்று நின்றுபோன கண்டெய்னர் பட்டியலில் இருக்கும். டாக்கர் சிபி கட்டளையால் அதன் வீட்டுக் கோப்புறையை வெளியே நகலெடுத்துவிடலாம். அதற்கு அந்தக் கண்டெய்னரை மறுபடி ஓட்ட வேண்டிய தேவைகூட இல்லை. இதை முதலில் செய்துவிட்டு மற்றதைப் படியுங்கள். இனிமேல் இந்தத் தவறு நேராதிருக்க, சர்வர் தொடங்கும்போதே அதன் வேர்க் கோப்புறை ஒர்க்தான் என்று ரூட் டிர் விருப்பத்தில் சொல்லிவிடுவதே என் வழக்கம். மாறாக, வீட்டுக் கோப்புறை முழுவதன்மேலும் உங்கள் கோப்புறையைப் பொருத்திவிடச் சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் இமேஜில் அந்த இடத்தில் இருந்த அமைவுக் கோப்புகள் மறைந்துபோகும். உங்கள் கோப்புறையில் ஜூபிட்டரின் மறைகோப்புகள் குப்பையாகச் சேரும்.

நிரலகங்கள் காணாமல் போனதற்கும் இதே விளக்கம்தான் என்றாலும், அதற்குள் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. டாக்கர் ரன் என்பது நேற்றைய கண்டெய்னரை எழுப்புவதில்லை. ஒவ்வொரு முறையும் இமேஜிலிருந்து புதிதாக ஒன்றைப் பிறப்பிக்கிறது. பழையதை எழுப்ப டாக்கர் ஸ்டார்ட் இருக்கிறது. ஆனால் ஸ்டார்ட்டை நம்பி மாதக்கணக்கில் ஒரே கண்டெய்னரில் பிப் நிறுவிக்கொண்டே போவது, கண்டெய்னரை வைத்திருப்பதன் பயனையே கெடுத்துவிடும். ஆறு மாதம் கழித்து அதற்குள் என்ன இருக்கிறதென்று உங்களுக்கே தெரியாது. ஒரு நிரலகத்தைச் சோதித்துப் பார்க்க நோட்புக்குள் விழுக்காட்டுக் குறியோடு பிப் இன்ஸ்டால் என்று எழுதுங்கள். ஆச்சரியக்குறியோடு எழுதினால் எந்தப் பைத்தானின் பிப் ஓடும் என்பதற்கு உறுதியில்லை, விழுக்காட்டுக் குறியோ அந்தக் கர்னலின் பைத்தானுக்கே நிறுவும். பிடித்துவிட்டால் அதன் பெயரையும் பதிப்பு எண்ணையும் தேவைப் பட்டியல் கோப்பில் சேர்த்து, இமேஜ் கட்டும் வரிகள் அடங்கிய டாக்கர்ஃபைல் வழியாக இமேஜை மறுபடி கட்டுங்கள். டாக்கர்ஃபைலில் அந்தப் பட்டியலை மட்டும் முதலில் நகலெடுத்து, பிப்பை ஓட்டி, உங்கள் நிரல்களை அதன் பிறகே நகலெடுங்கள். டாக்கர் ஒவ்வொரு வரியையும் ஓர் அடுக்காகச் சேமிப்பதால், நிரலில் ஓர் எழுத்தை மாற்றியதற்காக முழு நிறுவலும் மறுபடி ஓடும் அவதி இருக்காது. ஏப்டி மூலம் சிஸ்டம் மென்பொருள் நிறுவ வேண்டுமானால் ரூட் பயனராக மாறி நிறுவிவிட்டு, மறக்காமல் ஜோவியனுக்குத் திரும்பும் வரியை எழுத வேண்டும்.

இதில் வந்து நிற்கிறோம் பயனர் சிக்கலில். உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், ஏனெனில் ‘என் கணினியில் ஓடுகிறது, அங்கே ஓடவில்லை’ என்ற புலம்பலைத் தீர்க்க வந்த டாக்கரிலேயே அந்தப் புலம்பல் மீண்டும் கேட்கிறது. லினக்ஸ் கோப்பின் உரிமையைப் பெயரால் அறிவதில்லை, எண்ணால் அறிகிறது. ஆயத்த இமேஜில் ஜோவியனின் எண் 1000, குழுவின் எண் 100. உபுண்டு மடிக்கணினியில் நிறுவலின்போது முதலில் உருவாகும் பயனருக்கும் எண் 1000. ஆகவே உள்ளே ஜோவியன் எழுதிய கோப்பு வெளியே உங்கள் பெயரில் தெரியும். எல்லாம் தற்செயலாகப் பொருந்திப் போகும். துறையின் சர்வரில் உங்களுக்கு முன் பலர் கணக்கு வைத்திருப்பார்கள். உங்கள் எண் 1007 ஆகவோ வேறாகவோ இருக்கும். அங்கே எண் 1000 வேறொருவருடையது. உங்கள் கோப்புறையில் அவர் எழுத முடியாது. அதைத்தான் பெர்மிஷன் டினைடு என்று சொல்கிறது. எல்எஸ் கட்டளைக்கு மைனஸ் எல் கொடுத்தும் மைனஸ் எல்என் கொடுத்தும் உள்ளேயும் வெளியேயும் ஒருமுறை பாருங்கள். பெயர்கள் மாறும், எண்கள் மாறா.

தீர்வு இரண்டு உண்டு. ஒன்று, கண்டெய்னரை ரூட்டாகத் தொடங்கி என்பி யூஐடி, என்பி ஜிஐடி ஆகிய சூழல் மாறிகளில் உங்கள் எண்களைத் தருவது. ஆயத்த இமேஜின் தொடக்க நிரல் ஜோவியனின் எண்ணை அதற்கேற்ப மாற்றிவிட்டு, ரூட் அதிகாரத்தைக் கைவிட்டு ஜோவியனாகவே ஜூபிட்டரை ஓட்டும். மற்றது, யூசர் விருப்பத்தில் உங்கள் எண்ணை நேராகக் கொடுத்து, குரூப் ஆட் விருப்பத்தில் யூசர்ஸ் குழுவைச் சேர்ப்பது. எனக்கு இரண்டாவது பிடிக்கும், ரூட் இடையில் வருவதே இல்லை. கோப்புறைக்கு எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 வைத்தியம் வேண்டாம். பொதுச் சர்வரில் அது வீட்டுச் சாவியைக் கதவிலேயே விட்டுப் போவதற்குச் சமம்.

எண் சரியாக இருந்தும் அனுமதிச் சிக்கல் வந்தால் இன்னொன்றைப் பாருங்கள். மைனஸ் வியில் நீங்கள் குறிப்பிட்ட கோப்புறை வெளியே இல்லையென்றால் டாக்கர் பேசாமல் அதை உருவாக்கும், அதுவும் ரூட்டின் பெயரில். எழுத்துப் பிழையோடு கொடுத்த பாதை இப்படித்தான் வெறுமையான, எழுத முடியாத கோப்புறையாக வந்து நிற்கும். மவுண்ட் என்ற நீளமான விருப்பத்தைப் பயன்படுத்தினால், இல்லாத கோப்புறைக்குப் பிழைச் செய்தி தந்து நின்றுவிடும். நீளம் கூடினாலும் அதையே எழுதப் பழகிக்கொள்ளுங்கள். நீங்களே கட்டிய முதல் இமேஜில் ஜூபிட்டர் ரூட்டாக ஓட மறுத்திருக்கும், நீங்களும் அலவ் ரூட் என்று சேர்த்து அதன் வாயை மூடியிருப்பீர்கள். அந்த நாட்களில் உருவான கோப்புகள் இப்போது ரூட் பெயரில் கிடக்கும். அவற்றின் உரிமையை ஒருமுறை மாற்ற வேண்டிவரும்.

கர்னல் சாவது இரு வகை. தொடங்கிய சில நொடிகளில், ஒரு வரிகூட ஓடாமல், மீண்டும் மீண்டும் சாகிறதென்றால் காரணம் புரோசெஸ் எண்ணாக இருக்கலாம். கண்டெய்னரின் முதல் கட்டளை எதுவோ அதற்குத்தான் எண் 1. டாக்கர்ஃபைலின் கட்டளை வரியில் நேராக ஜூபிட்டரை வைத்தால் ஜூபிட்டரே எண் 1. யூனிக்ஸில் தாய்ப் புரோசெஸ் இறந்தால் அனாதையான பிள்ளையை எண் 1தான் தத்தெடுக்கும். பைத்தான் கர்னலின் பழைய பதிப்புகள் ‘என் தாயின் எண் 1 ஆகிவிட்டதா’ என்று பார்த்துக்கொண்டே இருந்தன. ஆகியிருந்தால், சர்வர் இறந்துவிட்டது, இனி நமக்கு வேலை இல்லை என்று தாமே முடித்துக்கொண்டன. தாய் பிறவியிலேயே எண் 1 ஆக இருக்கும் கண்டெய்னரில் அந்தக் கணக்கு தவறியது. புதிய பதிப்புகளில் இது சரிசெய்யப்பட்டுவிட்டாலும், எண் 1க்கு இறந்த பிள்ளைகளைக் கணக்குத் தீர்க்கும் கடமையும் உண்டு. ஜூபிட்டர் அதற்கென எழுதப்பட்டதல்ல. டாக்கர் ரன்னில் இனிட் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் டினி என்ற சிறு நிரல் எண் 1 ஆக நின்று அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆயத்த இமேஜில் டினி முன்பே இருக்கிறது.

பெரிய அட்டவணையை ஏற்றும்போது சாகிறதென்றால் அது நினைவகம். மைனஸ் எம் கொடுத்து எல்லை வைத்திருந்தால், எல்லை தாண்டியதும் லினக்ஸ் அந்தக் கண்டெய்னருக்குள் அதிகம் தின்னும் புரோசெஸைக் கொல்லும். அது பெரும்பாலும் கர்னலாகவே இருக்கும். சர்வர் உயிரோடு இருப்பதால் கண்டெய்னர் நிற்காது, நோட்புக்கில் பைத்தானின் பிழைச் செய்தியும் வராது. கர்னல் இறந்தது, மீண்டும் தொடங்கும் என்ற வெற்றுச் செய்திதான் வரும். டாக்கர் ஸ்டாட்ஸைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தை ஓட்டிப் பாருங்கள். மேக்கிலும் விண்டோஸிலும் டாக்கர் ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடுவதால், நீங்கள் எல்லை வைக்காவிட்டாலும் அந்த இயந்திரத்தின் எல்லை இருக்கும்.

பைடார்ச்சில் டேட்டா லோடருக்குப் பல வேலையாட்களை வைத்து ‘பஸ் எரர்’ வாங்கியிருந்தால், அது வேறு கணக்கு. வேலையாட்கள் தரவைப் பகிர்ந்துகொள்ளும் பகிர்வு நினைவகத்துக்கு டாக்கர் இயல்பாக 64 எம்பி மட்டுமே தருகிறது. எஸ்எச்எம் சைஸ் விருப்பத்தில் 2 ஜிபி கொடுத்தால் அடங்கிவிடும்.

இறப்பு இல்லாமல் மந்தமாக மட்டும் ஓடுகிறதென்றால் கோர்களைப் பாருங்கள். 64 கோர் உள்ள சர்வரில் சிபியூஸ் விருப்பத்தால் 4 என்று எல்லை வைத்தாலும், உள்ளே பைத்தானிடம் ஓஎஸ் சிபியூ கவுண்ட் கேட்டால் 64 என்றே சொல்லும். அதை நம்பி, ‘நம்பை’ என்ற எண்கணித நிரலகத்தின் அடியில் உள்ள ஓபன்பிளாஸ் என்ற கணக்கு நூலகம் அத்தனை இழைகளைக் கிளப்பும். நான்கு கோர் நேரத்துக்கு அவை முட்டிமோதும். ஓஎம்பி நம் த்ரெட்ஸ் என்ற சூழல் மாறியை 4 ஆக வைத்துவிடுங்கள். எல்லையைக் கூட்டாமலே கணக்கு வேகமாகும் விந்தையை அப்போது காணலாம்.

ஜிபியூ வேண்டுமென்றால் சர்வரில் என்விடியா டிரைவரும் அதன் கண்டெய்னர் டூல்கிட்டும் இருந்தால் போதும். என்விடியாவின் ‘கூடா’ என்ற ஜிபியூ நூலகங்கள் இமேஜுக்குள் இருக்கும். ஜிபியூஸ் ஆல் என்று ரன்னில் சேர்த்துவிட்டு என்விடியா எஸ்எம்ஐயை உள்ளே ஓட்டிச் சரிபாருங்கள். துறையில் பத்துப் பேருக்கு இதே ஏற்பாடு தேவை என்றால் ஆளுக்கொரு போர்ட்டாகப் பிரித்துக்கொள்ளாமல், நிர்வாகியிடம், பலருக்கும் ஜூபிட்டரை நடத்தித் தரும் ஜூபிட்டர்ஹப் கேளுங்கள். அதன் டாக்கர் ஸ்பானர் ஒவ்வொருவருக்கும் தனிக் கண்டெய்னரைத் தானே எழுப்பித் தரும். டாக்கர் குழுவில் ஒருவரைச் சேர்ப்பது அந்தச் சர்வரின் ரூட் அதிகாரத்தைக் கையில் கொடுப்பதற்கு ஒப்பாகும் என்பதால், நிர்வாகிக்கும் அதுவே நிம்மதி. உங்கள் வேலை பாண்டாஸும் நாலு வரைபடமும் மட்டுமே, வேறு யாரும் அதை ஓட்டப்போவதில்லை என்றால், பைத்தானின் வென்வ் என்ற தனிச் சூழலே போதும். ஆனால் ஆய்வேட்டின் முடிவுகளைத் தேர்வாளர் ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் இமேஜ் கைகொடுக்கும்.

அதற்கு லேட்டஸ்ட் என்ற குறிச்சீட்டை நம்பக்கூடாது. அது இன்று சுட்டும் இமேஜை நாளை சுட்டாது. ஃப்ரம் வரியில் தேதியிட்ட குறிச்சீட்டையோ இமேஜின் மாறாத அடையாளமான டைஜஸ்டையோ எழுதி வையுங்கள். கூடவே, இமேஜ் வந்து இறங்கும் இடமான பதிவகத்தின் பெயரையும் பாருங்கள். 2023 அக்டோபர் 20 முதல் ஜூபிட்டர் திட்டத்தார் ஆயத்த இமேஜ்களைக் குவே டாட் ஐஓவில் மட்டுமே ஏற்றுகிறார்கள். டாக்கர் ஹப்பில் இருப்பவை அத்தேதிக்கு முந்தையவை, அவை நீக்கப்படவும் இல்லை. நீங்கள் அனுப்பிய கட்டளையில் பதிவகத்தின் பெயர் இல்லாமல் ஜூபிட்டர், சாய்கோடு, சைபை நோட்புக் என்று மட்டும் இருக்கிறது. பதிவகத்தின் பெயர் இல்லையென்றால் டாக்கர் ஹப்பில்தான் டாக்கர் தேடும். அதற்குப் பின்னால் லேட்டஸ்ட் என்று எழுதியிருந்தாலும், வந்து இறங்குவது 2023 அக்டோபரில் நின்றுபோன பழைய இமேஜ்தான்.